வாஷிங்டன்: ஊர் கொடுத்த பெயர், ஊர் ஊராய்ப் போன பெயர்



இன்றைய பேச்சுக்குப் பொருள் ஒரு பெயர். ஒரே ஒரு குடும்பப் பெயர். வாஷிங்டன்!

வாஷிங்டன் எங்கே இருக்கிறது என்று இந்த அரங்கில் யாரை எழுப்பிக் கேட்டாலும் அமெரிக்கா என்றுதான் பதில் வரும். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். கொலம்பஸ் பிறப்பதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வாஷிங்டன் இருந்தது. எங்கே இருந்தது? இங்கிலாந்தின் வடகிழக்கில், வியர் ஆற்றின் வடகரையில் இருந்தது. இன்றும் இருக்கிறது. நியூகாசில், டர்ஹாம், சண்டர்லாந்து ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவே அது கிடக்கிறது.

வெள்ளை மாளிகையும் பளிங்குத் தூணும் மனத்தில் வருகின்றனவா? தள்ளி வையுங்கள். இது நிலக்கரி ஊராக இருந்தது. இங்கே பல சுரங்கக் குழிகளுக்குப் பெயர்கூட இருந்ததில்லை. ஏ, பி, சி என்று எழுத்துதான். எஃப் குழி 1968-இல் மூடப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம். 1964-இல் அரசு இதைப் 'புதுநகர்' என்று அறிவித்தது. எண்ணூறு வயதான ஊருக்குப் புதுநகர் என்று பெயர்! அரசாங்கங்களுக்கு இதெல்லாம் சகஜம். 1986 முதல் ஊரை ஒட்டிய நிசான் தொழிற்சாலையில் கார்கள் உருவாகின்றன.

இந்த ஊர்தான் அந்தப் பெயரைப் பெற்றது. எப்படி?

12-ஆம் நூற்றாண்டு. டர்ஹாம் ஆயர் என்றால் வெறும் சமயத் தலைவர் இல்லை, அந்த வட்டாரத்துக்குக் குறுநில மன்னர் மாதிரி. அவருக்குக் கீழே நிலம் வைத்திருந்த வீரர்களில் ஒருவர் ஹார்ட்பர்ன் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம். அந்தக் காலத்து வழக்கப்படி அவர் 'ஹார்ட்பர்ன் வில்லியம்'. அவர் என்ன செய்தார்? ஹார்ட்பர்னை ஆயரிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு மாற்றாக வாஷிங்டனை வாங்கிக்கொண்டார். நிலத்துக்கு நிலம், பண்டமாற்று. 1183-இல் ஆயர் ஹியூ தம் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து ஒரு பதிவேடு எழுதவைத்தார். அதற்குப் போல்டன் ஏடு என்று பெயர். அதில் இந்த மாற்று விவரம் பதிவாகியிருக்கிறது. வில்லியம் செலுத்த வேண்டிய கடனும் அதில் இருக்கிறது: ஆண்டுக்கு 4 பவுண்டு, ஆயர் பெருவேட்டைக்குப் புறப்படும்போது 4 வேட்டை நாய்களுடன் வில்லியமும் கூடப் போக வேண்டும்.

ஊர் மாறியது. ஊரோடு பெயரும் மாறியது. ஹார்ட்பர்ன் வில்லியம் 'வாஷிங்டன் வில்லியம்' ஆனார். செம்மங்குடி என்றால் ஊரா, ஆளா என்று நம் சங்கீத ரசிகர்கள் கேட்பதில்லை அல்லவா? அப்படி ஊரும் ஆளும் ஒன்றாகிவிட்டார்கள். எழுத்து மட்டும் நிலையாக இல்லை. வெஸ்ஸிங்டன், வஸ்ஸிங்டன் என்று எழுதுகிறவர் கைக்குத் தகுந்தபடி அது மாறிக்கொண்டே இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாஷிங்டன் பிறவி வாஷிங்டன் இல்லை. வேறு பெயரோடு வந்து, இந்தப் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டவர் அவர். இந்தப் பெயரின் கதை நெடுக இதுவேதான் திரும்பத் திரும்ப நடக்கப்போகிறது. ரத்தத்தின் வழியாகப் போனதைவிட, கை மாறிக் கை மாறிப் போனதுதான் அதிகம்.

(தெற்கே சசெக்ஸிலும் வாஷிங்டன் என்று ஒரு கிராமம் உண்டு. அதற்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு இல்லை. வழி கேட்டுப் போகிறவர்கள் கவனமாகக் கேட்கவும்.)

வில்லியமின் வழிவந்தவர்கள் பல கிளைகளாகப் பிரிந்தார்கள். ஒருவர் துறவியாகி, டர்ஹாம் பேராலயத்து மடத்தின் தலைவராக 1416 முதல் 1446 வரை முப்பது ஆண்டுகள் இருந்தார். இன்னொரு கிளை மேற்கே லங்காஷயரின் வார்ட்டன் கிராமத்துக்குப் போனது. அங்குள்ள தேவாலயத்தில் வாஷிங்டன் குடும்பத்தின் கேடயச் சின்னம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக் கேடயம், குறுக்கே இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். இந்தச் சின்னத்தையும் நினைவில் வையுங்கள். மறுபடி வருவோம்.

அந்தக் கிளையிலிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்று ஒருவர் தெற்கே நார்தாம்டன் நகரத்துக்கு வந்தார். கம்பளி வியாபாரம். நன்றாகச் சம்பாதித்தார். நகரத்துக்கு இரண்டு முறை மேயராகவும் இருந்தார். அப்போது எட்டாம் ஹென்றி மன்னர் ரோமாபுரியோடு முறித்துக்கொண்டு, மடங்களைக் கலைத்து, மடத்து நிலங்களை விற்றுக்கொண்டிருந்தார். கையில் காசு இருந்த வியாபாரிகளுக்கு யோகம். 1539-இல் சல்கிரேவ் என்ற ஊரின் மடத்து நிலத்தை லாரன்ஸ் விலைக்கு வாங்கினார். விலை 324 பவுண்டு, 14 ஷில்லிங், 10 பென்ஸ். பென்ஸ் வரைக்கும் கணக்கு! அங்கே அவர் கட்டிய கல்வீடு இன்றும் இருக்கிறது. முகப்பு வாசலில் எலிசபெத் ராணியின் அரசச் சின்னம் மேலே. பட்டையும் நட்சத்திரமும் கொண்ட வாஷிங்டன் சின்னம் கீழே, சற்று அடக்கமாக.

சில தலைமுறைகள் கழித்து, அதே குடும்பத்தில் இன்னொரு லாரன்ஸ். இவர் ஆக்ஸ்போர்டில் படித்த பாதிரியார். எசெக்ஸில் பர்லே என்ற ஊரின் தேவாலயத்தில் பொறுப்பு. அது மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்ட காலம். பாதிரியார் மன்னர் கட்சி. ஜெயித்துக்கொண்டிருந்தவர்கள் தூய்மைவாதிகளின் கட்சி. 1643-இல் இவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். அடிக்கடி மதுக்கடைக்குப் போகிறார் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். குடித்தாரோ இல்லையோ, குடும்பம் தெருவுக்கு வந்தது.

அந்தப் பாதிரியாரின் மகன் ஜான். அப்பாவுக்கு வேலை போயிற்று. மகனுக்குப் படிப்பும் இல்லை, சொத்தும் இல்லை. கடல் வியாபாரத்தில் இறங்கினார். 'சீ ஹார்ஸ்' என்ற கப்பலில் வர்ஜீனியாவுக்குப் புகையிலை ஏற்றப் போனார். 1657-இன் தொடக்கத்தில், சரக்கோடு திரும்பும் நேரத்தில், பொட்டோமாக் ஆற்றில் கப்பல் புயலில் சிக்கித் தரைதட்டியது. ஜான் கரையேறினார். அங்கே நிலபுலன் உள்ள நேத்தேனியல் போப் என்பவரின் மகளை மணந்துகொண்டார். மாமனார் 700 ஏக்கர் சீதனமாகக் கொடுத்தார். கப்பல் கிளம்பிப் போய்விட்டது; ஜான் தங்கிவிட்டார்.

மதுக்கடைக்குப் போனதாக ஒரு பாதிரியார் மேல் புகார் எழாமல் இருந்திருந்தால்? பொட்டோமாக்கில் அன்று காற்று அடங்கியிருந்திருந்தால்? சரித்திரத்தில் 'இருந்திருந்தால்' என்று கேட்பது வீண்தான். ஆனால் கேட்காமல் இருக்க முடிகிறதா? கரையேறிய அந்த ஜானின் கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ் வாஷிங்டன். பிறப்பு 1732, பிப்ரவரி 22. இடம், அதே பொட்டோமாக் கரையோரம், போப் பெயரையே தாங்கிய ஓர் ஓடையின் பக்கம்.

ஜார்ஜைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் கோடாலியால் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்னாரே, அந்தக் கதையும் தெரியும். பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பில் கேட்டிருப்போம். உண்மை பேசுவதற்கு உதாரணமாகச் சொல்லப்படும் அந்தக் கதையே உண்மை இல்லை. ஜார்ஜ் இறந்தபின் அவர் வாழ்க்கையை எழுதிய வீம்ஸ் என்ற பாதிரியார் கட்டிவிட்டது அது.

நமக்கு இன்று வேண்டியது வேறு. தம் பெயரைப் பற்றி ஜார்ஜ் என்ன நினைத்தார்? அவர் ஜனாதிபதியாக இருந்தபோது, இங்கிலாந்தில் குலச்சின்னங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தின் தலைவர் ஐசக் ஹேர்ட், உங்கள் முன்னோர் யார் என்று விசாரித்துக் கடிதம் எழுதினார். 1792 மே மாதம் ஜார்ஜ் பதில் போட்டார். அந்த விஷயத்தில் தாம் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்றார். வடக்கே எங்கோ, லங்காஷயரோ யார்க்ஷயரோ என்று கேள்வி என்றார். வியர் ஆற்றங்கரை ஊரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவருடைய வீடு மவுன்ட் வெர்னன். அந்தப் பெயரும் குடும்பப் பெயர் இல்லை. அவருடைய தந்தையின் மூத்த தாரத்து மகனான அண்ணன், தாம் யாருக்குக் கீழ்ப் போருக்குப் போனாரோ அந்தக் கடற்படைத் தளபதி வெர்னனின் பெயரை வீட்டுக்கு வைத்தார். எந்தக் கடற்படை? பிரிட்டிஷ் கடற்படை! பிரிட்டனை எதிர்த்துச் சண்டை போட்ட தளபதி கடைசி மூச்சுவரை பிரிட்டிஷ் அட்மிரலின் பெயர் தாங்கிய வீட்டில்தான் குடியிருந்தார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெற்ற பிள்ளை இல்லாத மனிதரின் பெயருக்கு வாரிசு எங்கிருந்து வரும்? வந்தார்கள், ஐயா. ஊர் ஊராக வந்தார்கள்.

முதலில் ஊர்களே வந்தன. 1776-இல், சுதந்திரப் போர் முடியும் முன்பே, வட கரோலினாவில் ஒரு சிற்றூர் வாஷிங்டன் ஆனது. இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள், நாங்கள்தான் மூத்தவர்கள் என்று மார்தட்டுவார்கள். 1780-இல் ஜார்ஜியாவில் இன்னொரு வாஷிங்டன். 1791 செப்டம்பரில், புதிய தலைநகரத்தைக் கட்டும் பொறுப்பிலிருந்த ஆணையர்கள் மூவரும் அதற்கு வாஷிங்டன் என்று பெயர் வைத்தார்கள். ஜார்ஜ் மட்டும் கூச்சப்பட்டு 'பெடரல் நகரம்' என்றே எழுதிக்கொண்டிருந்தார். அவர் 1799 டிசம்பர் 14 அன்று இறந்தார். அரசாங்கம் அங்கே குடிபோனது 1800-இல். வெள்ளை மாளிகையில் வசிக்காத ஒரே அமெரிக்க ஜனாதிபதி வாஷிங்டன்தான்.

அந்தப் பக்கம் பசிபிக் கரையில் இன்னொரு கதை. 1852-இல் அங்கிருந்த குடியேறிகள், எங்கள் பகுதியைத் தனியாகப் பிரித்துக் கொலம்பியா என்று பெயர் வையுங்கள் என்று மனுப் போட்டார்கள். நாடாளுமன்றத்தில் கென்டக்கி உறுப்பினர் ஒருவர் எழுந்தார். தலைநகரம் இருக்கும் மாவட்டத்துக்கு ஏற்கெனவே கொலம்பியா என்று பெயர், குழப்பம் வரும், ஆகவே வாஷிங்டன் என்று வைப்போம் என்றார். சபை ஒப்புக்கொண்டது! குழப்பம் தீர்ந்ததா? இன்றைக்கும் எந்த வாஷிங்டன், மாநிலமா தலைநகரமா என்று கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது. 1889-இல் அது 42-ஆவது மாநிலமானது. ஜனாதிபதி ஒருவரின் பெயரைத் தாங்கிய ஒரே அமெரிக்க மாநிலம் அதுதான். இதுபோக, லூசியானாவில் உள்ள ஒன்றையும் சேர்த்து வாஷிங்டன் என்ற பெயரில் 31 மாவட்டங்கள். நியூ ஹாம்ஷயரில் 1,917 மீட்டர் உயர மலை ஒன்று. அதன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தார்கள். பல பத்தாண்டுகள் அதுவே உலகச் சாதனை.

ஜார்ஜியாவில் உள்ள வாஷிங்டனைச் சொன்னேனே, அதற்கு ஒரு விசேஷம். அமெரிக்காவைப் பிளந்து தனிநாடு கண்ட தெற்கத்திய அரசின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், தோற்று ஓடிக்கொண்டிருந்தபோது, 1865 மே மாதம் தம் ஆட்சியின் கடைசி ஆலோசனையை அங்கேதான் நடத்திக் கலைந்தார். தேசத்தை ஒட்டவைத்தவரின் பெயருள்ள ஊரில், தேசத்தைப் பிளந்தவர் கடையை மூடினார்.

ஊர்களுக்கு அடுத்து ஆட்கள். 1783-இல் நியூயார்க்கில் ஒரு தாய் தன் கடைக்குட்டிக்கு வாஷிங்டன் என்று பெயர் வைத்தாள். குடும்பப் பெயர் முதற்பெயராக ஏறிவிட்டது! அந்தக் குழந்தைதான் எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங். இருபது வருஷம் தூங்கி எழுந்த ரிப் வான் விங்கிளின் கதையை எழுதியவர். அந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ரிப் தூங்கப் போகும்போது ஊர்ச் சத்திரத்தின் பலகையில் ஜார்ஜ் மன்னரின் படம். எழுந்து வந்து பார்த்தால் அதே முகம். ஆனால் செங்கோல் இருந்த கையில் வாள், தலையில் தளபதித் தொப்பி, கீழே ஜெனரல் வாஷிங்டன் என்று எழுத்து. சத்திரக்காரன் புதுப் படம் வரையவில்லை. பழைய ஜார்ஜின் மேல் பூசிப் புது ஜார்ஜ் ஆக்கிவிட்டான். ஆட்சி மாற்றம் என்பதை இத்தனை சிக்கனமாகக் கேலி செய்தவர் வேறு யாரும் இருக்கிறார்களா, தெரியவில்லை. இர்விங் பின்னாளில் ஜார்ஜ் வாஷிங்டனின் வரலாற்றை ஐந்து பாகங்களில் எழுதினார். கடைசிப் பாகம் வந்த அதே ஆண்டில், 1859-இல், இறந்தார்.

இதெல்லாம் பெருமைக்குப் பெயர் வைத்தவர்களின் கதை. இனிச் சொல்லப்போகும் மனிதர் வேறு வகை. இன்றைய கூட்டத்துக்கு வந்ததற்கு இவரை மட்டும் தெரிந்துகொண்டு போனால்கூடப் போதும்.

அவர் பெயர் ஹாரி வாஷிங்டன்.

ஆப்பிரிக்காவில், காம்பியா ஆற்றுப் பகுதியில், 1740-ஐ ஒட்டிப் பிறந்தவர். பிடித்து, கப்பலேற்றி, கடல் கடத்தி விற்றார்கள். 1763-இல் அவரை விலைக்கு வாங்கியவர் ஜார்ஜ் வாஷிங்டன். முதலில் சதுப்புநிலத்தை வடிக்கும் வேலை. பிறகு மவுன்ட் வெர்னன் பண்ணை. 1771-இல் ஒருமுறை தப்பி ஓடினார், பிடித்து வந்தார்கள். நான்கே ஆண்டுகள். சுதந்திரப் போர் மூண்டது. வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கலகக்கார எஜமானர்களை விட்டு எங்கள் படைக்கு வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். எஜமானர் வாஷிங்டன் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கப் போனார். 1776-இல் அடிமை ஹாரி பிரிட்டிஷ் படைக்குப் போனார். இருவரும் போனது சுதந்திரத்துக்காகத்தான். யாருடைய சுதந்திரம் என்பதில்தான் வித்தியாசம்.

போர் முடிந்தது. 1783 மே மாதம். ஜெயித்த தளபதி வாஷிங்டனும், தோற்ற பக்கத்துத் தளபதி கார்ல்டனும் நியூயார்க் அருகே சந்தித்துப் பேசினார்கள். வாஷிங்டன் எடுத்த எடுப்பில் கேட்டவற்றில் ஒன்று, எங்கள் ஆட்களின் உடைமைகளை, அதாவது ஓடிவந்த அடிமைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்பது. கார்ல்டன் மறுத்தார். விடுதலை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டோம், அதை மீறுவது மானக்கேடு என்றார். வேண்டுமானால் பின்னால் நஷ்டஈடு பேசிக்கொள்ளலாம், அதற்காகக் கப்பலேறுகிறவர்களின் பெயர்களைப் பதிந்து வைக்கிறோம் என்றார். அப்படி எழுதிய பதிவேட்டில் ஏறக்குறைய 3,000 பேரின் பெயர்கள் உண்டு.

அதில் ஒரு பதிவைப் பாருங்கள். கப்பலின் பெயர் 'லபோன்டான்ஸ்'. பயணியின் பெயர் ஹாரி வாஷிங்டன். வயது 43. ஆள் நல்ல கட்டுடல். முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரை விட்டு வந்துவிட்டார். எழுத்தர் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார். எஜமானரை விட்டு ஓடியவர், எஜமானரின் பெயரை மட்டும் விடாமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் எடுத்துக்கொண்டார்? அதற்கு எந்த ஏட்டிலும் பதில் இல்லை. கேலியா, உரிமையா, பழக்கமா? கேட்டு வைப்போம்.

கப்பல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனது. குளிர், பாறை நிலம், வெள்ளையரின் பகை. 1792-இல் சுமார் 1,200 கறுப்பினத்தவர் 15 கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். சியரா லியோன், ஃப்ரீடவுன். ஹாரியும் போனார். பிடித்துக்கொண்டு போன கண்டத்துக்கே, சொந்த விருப்பத்தில், விடுதலையான மனிதராகத் திரும்பினார். முடிந்ததா கதை? இல்லை! அந்தக் குடியேற்றத்தை நடத்தியது லண்டனில் இருந்த ஒரு கம்பெனி. இலவச நிலம் என்று சொல்லி அழைத்து வந்துவிட்டு, நிலவரி கட்டு என்றது. வரி போடும் கம்பெனியிடம் குடியேறிகளுக்கு ஓட்டு உண்டா, பேச்சு உண்டா? 1800-இல் அவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். தங்களுக்குத் தாங்களே சட்டம் எழுதி ஒட்டினார்கள். ஜமைக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்டு, நோவா ஸ்கோஷியா வழியாக அப்போதுதான் வந்திறங்கிய மரூன்களையும் (தப்பியோடிய அடிமைகளின் வழிவந்தவர்கள்) சிப்பாய்களையும் வைத்துக் கம்பெனி அவர்களை அடக்கியது. இருவரைத் தூக்கில் போட்டார்கள். ஹாரி வாஷிங்டனை விசாரித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புல்லம் கரைக்கு நாடுகடத்தினார்கள்.

பிரிட்டிஷ்காரன் போட்ட வரியை எதிர்த்துக் கலகம் செய்த வாஷிங்டன்கள் இரண்டு பேர். ஒருவர் முகம் டாலர் நோட்டில் இருக்கிறது. மற்றவருக்குக் கிடைத்தது நாடுகடத்தல். இத்தனைக்கும் வாஷிங்டன் தலைநகரவாசிகளுக்கு இன்றும் நாடாளுமன்றத்தில் வாக்குரிமையுள்ள உறுப்பினர் கிடையாது. 2000-ஆம் ஆண்டு முதல் அவர்களுடைய கார் எண்பலகையிலேயே, பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பைப் பற்றி முறையீடு அச்சாகி வருகிறது. ஹாரி பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஜார்ஜ் இறந்தபோது மவுன்ட் வெர்னனில் அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர். அவர்களில் 123 பேர் அவருக்குச் சொந்தம். மற்றவர்களில் பெரும்பாலோர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்தவர்கள். தம் 123 பேரையும் விடுவிக்கும்படி உயில் எழுதிவைத்தார். அதற்காக அவரைப் பாராட்டலாம். உயிரோடு இருந்தபோது செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி 1865-க்குப் பிறகு வருவோம். அடிமைமுறை ஒழிந்தது. லட்சக்கணக்கானோர் முதல் தடவையாகச் சட்டப்படி தங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயர் சொல்ல வேண்டிய நேரம். மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற உப்பு காய்ச்சும் ஊர். ஒன்பது பத்து வயதுப் பையன் ஒருவன் விடியற்காலையில் உப்புச் சூளையில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருகிறான். தலையில் தொப்பி. எல்லாப் பிள்ளைகளுக்கும் கடைத் தொப்பி. இவனுக்கு அம்மா வீட்டுத் துணியில் இரண்டு துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தது. வாங்கக் காசில்லை, கடன்பட்டு வாங்க அம்மாவுக்கு மனமில்லை.

ஆசிரியர் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிடுகிறார். பையன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயர் இருக்கிறது! சிலருக்கு மூன்று! இவனுக்கு இருப்பது புக்கர் என்ற ஒன்றுதான். தன் முறை வருவதற்குள் என்ன செய்வது? ஆசிரியர் கேட்டார். பையன், பிறந்ததிலிருந்து அந்தப் பெயரால்தான் அழைக்கப்பட்டவன் போல, நிதானமாகச் சொன்னான்: புக்கர் வாஷிங்டன். அவனுடைய வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். அம்மா அவனுக்கு ஏற்கெனவே தாலியஃபெரோ என்று இன்னொரு பெயர் வைத்திருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதை நடுவில் செருகிக்கொண்டார். பெயரைத் தாமே தேர்ந்தெடுக்கும் பாக்கியம் அமெரிக்காவில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் என்று தம் சுயசரிதையில் பெருமையாகக் கேட்கிறார்.

இந்தப் புக்கர் டி. வாஷிங்டன்தான் 1881-இல் அலபாமாவில் டஸ்கீகி கல்விக்கூடத்தைத் தொடங்கியவர். கட்டடத்துக்குச் செங்கல்லை மாணவர்களே அறுத்துச் சுட வேண்டும். முதல் சூளை கெட்டது, இரண்டாவதும் கெட்டது, மூன்றாவதும் கெட்டது. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார். நின்றது. கடிகாரம் மீளவில்லை. 1901 அக்டோபர் 16 அன்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு இரவு விருந்துக்கு அழைத்தார். வாஷிங்டன் நகரத்தில் ஒரு வாஷிங்டன் சாப்பிட உட்கார்ந்தார்; தெற்கத்தியப் பத்திரிகைகள் வாரக்கணக்கில் கொதித்தன.

2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் 1,63,036 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பினத்தவர்! ஜார்ஜின் அடிமைகளின் வழிவந்தவர்கள் அத்தனை பேரும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலோர் பெயரைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்களின் பேரன் பேத்திகள். வில்லியம் எடுத்துக்கொண்டாரே 12-ஆம் நூற்றாண்டில், அதைப்போல. வில்லியமிடமாவது மாற்றிக்கொள்ள ஓர் ஊர் இருந்தது.

சின்னத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். வெள்ளையில் இரண்டு சிவப்புப் பட்டை, மூன்று சிவப்பு நட்சத்திரம். 1938-இல் வாஷிங்டன் தலைநகரம் தனக்கென ஒரு கொடி தேர்ந்தெடுத்தபோது, அதே சின்னத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் தேசியக் கொடியே இதிலிருந்து வந்ததுதான் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆதாரம் கிடையாது.

சொந்த ஊரில் பெயரின் பிறந்தவீடு என்னவாயிற்று? வாஷிங்டன் ஊரில் குடும்பத்தின் பழைய மாளிகை 1613-இல் டர்ஹாம் ஆயருக்கே விலைபோனது. வந்த இடத்துக்கே திரும்பியது. பழைய சுவர்களில் சிலவற்றை வைத்துக்கொண்டு புதிதாகக் கட்டினார்கள். பிற்காலத்தில் அது தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒண்டுக்குடித்தனமானது. 1936-இல், குடியிருக்க லாயக்கில்லை, இடித்துவிடலாம் என்ற நிலை. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் பிரெட் ஹில் கமிட்டி சேர்த்து, நிதி திரட்டி, அதைக் காப்பாற்றினார். உலகப் போர் குறுக்கிட்டது. 1955-இல் அமெரிக்கத் தூதர் வந்து திறந்து வைத்தார். சல்கிரேவ் வீட்டை அதற்கு முன்பே, 1914-இல், இரு நாடுகளுக்கும் இடையே நூறு ஆண்டுச் சமாதானத்தின் நினைவாகப் பொதுமக்கள் பணத்தில் வாங்கியிருந்தார்கள். அந்தச் சமாதானத்துக்குச் சில மாதங்கள் முன்புதான், 1814 ஆகஸ்டில், பிரிட்டிஷ் படை வாஷிங்டன் நகரத்துக்குள் புகுந்து வெள்ளை மாளிகையைக் கொளுத்தியிருந்தது. 1977 மே மாதம் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், பிரதமர் காலகனோடு அந்தச் சுரங்க ஊருக்கு வந்து அந்தப் பழைய மாளிகையைப் பார்த்துப் போனார்.

கடைசியாக ஒரு வாஷிங்டன் பாக்கி. இவர் நம்ம ஊர்.

சென்னை திருவல்லிக்கேணியில் கிரிக்கெட் பைத்தியமான ஓர் ஏழைப் பையன். இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர், அவருக்குப் பெயர் வாஷிங்டன். மெரினா மைதானத்தில் பையனின் ஆட்டத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்துப்போயிற்று. பள்ளிச் சீருடை வாங்கிக் கொடுத்தார். ஃபீஸ் கட்டினார். சைக்கிளில் ஏற்றி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். 1999-இல் அவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று, அந்தப் பையனாக இருந்தவருக்கு ஒரு மகன் பிறந்தான். வீட்டு வழக்கப்படி குழந்தையின் காதில் சீனிவாசன் என்று பெருமாள் பெயரை ஓதினார். ஊருக்குச் சொன்ன பெயர் வாஷிங்டன். அமெரிக்க ஜனாதிபதிக்காக இல்லை. ஃபீஸ் கட்டிய மனிதருக்காக. இன்னொரு மகன் பிறந்திருந்தால் அவனுக்கு வாஷிங்டன் ஜூனியர் என்று வைத்திருப்பேன் என்று அந்தத் தந்தை பின்னாளில் பேட்டியில் சொன்னார்.

2025 ஜூலை, மான்செஸ்டர். ஓல்டு டிராஃபோர்டு மைதானம், லங்காஷயர் கிளப்பின் சொந்த மைதானம். முதல் இன்னிங்ஸில் இந்தியா 311 ரன் பின்தங்கியிருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமல் இரண்டு விக்கெட். தோல்வி நிச்சயம் என்று எழுதியவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் மாலை ஆட்டம் டிராவில் முடிந்தபோது ஜடேஜாவும், அந்தக் குழந்தையாக இருந்த வாஷிங்டன் சுந்தரும் 203 ரன் சேர்த்து, அவுட் ஆகாமல் நின்றார்கள். வாஷிங்டன் 101. அது அவருடைய முதல் டெஸ்ட் சதம்.